கழுவாத நூல்தான் மிதந்தது

என் கூடப் பிறக்காத மூத்தவளே, மைமூன் லாத்தா,

உன்னைக் கொன்றவனுக்குக் கை கூடிவிட்டது. முதலில் அதைச் சொல்லிவிடுகிறேன். நான் மண்வெட்டியால் போட்ட அடியில் அவன் வலது முழங்கை நொறுங்கிப் போனது; தகடு வைத்து ஆணி அடித்திருக்கிறார்களாம். போன வாரம் பஸ் ஸ்டாண்டில் அதே கையால் டீ கிளாசைத் தூக்கிக் குடித்துக்கொண்டிருந்தான். என்னைப் பார்த்ததும் கிளாசைக் கீழே வைத்துவிட்டு அந்தப் பக்கம் திரும்பிக்கொண்டான். எனக்கு அது போதவில்லை. உனக்குப் போதுமா?

நம் குளத்து வேலைக்கு வருகிற பிள்ளைகள் உன் நினைவுக்கு ஒரு சின்ன மலர் அச்சடிக்கிறார்கள். மைமூன் பாட்டியைப் பற்றி எழுதிக் கொடுங்கள் ஆச்சி என்று கேட்டார்கள். அஞ்சாம் வகுப்போடு தறிக்குழியில் இறக்கிவிட்ட பெண்ணுக்குக் கட்டுரை எழுத எங்கே வரும்? எனக்குக் கடிதம்தான் எழுதத் தெரியும். உன் வீட்டுக்காரர் அரபு நாட்டில் இருந்த காலமெல்லாம் நீ சொல்லச் சொல்ல நான்தானே எழுதினேன். உன் வசவைக் கேட்டு என் பேனா கூசும். கொஞ்சம் மரியாதையாக மாற்றி எழுதட்டுமா என்று கேட்டால், "சொன்னத எழுதுட்டி, நீ என்ன எனக்கு வக்கீலா" என்பாய். அதே மாதிரிதான் இதையும் எழுதுகிறேன். உனக்கு வாசிக்க வராது. உன் மகள் நூர்ஜஹான் வாசித்துக் காட்டுவாள்.

இதை வாசிக்கிற மற்றவர்களுக்கும் விளங்க வேண்டும் என்பதால் உனக்குத் தெரிந்ததையும் சொல்கிறேன். பொறுத்துக்கொள்.

பனவடலிசத்திரம் ரோட்டில் இருக்கிற அந்தக் குளம் சீமைக் கருவேலம் தவிர வேறொன்றும் இல்லாமல் கிடந்தது. படித்த பிள்ளைகள் நாலு பேர் சேர்ந்து அதை வெட்டிக் குளத்தை மீட்கப் போகிறோம், வாருங்கள் என்று விசைத்தறிக் கூடங்களில் வந்து கூப்பிட்டார்கள். முதலில் கை தூக்கியவள் நீ. உனக்கு என்ன கிறுக்கா என்று கேட்டேன். "வெள்ளிக்கிழம தறி ஓடாது. வீட்ல இருந்தா மருமவன் மூஞ்சியத்தான பாக்கணும்" என்றாய். உன்னை விட்டுப் பிரியத் தெரியாமல் நானும் வந்தேன்.

அந்த மரம் சும்மா சாகாது. வெட்டினால் முள்ளால் திருப்பி வெட்டும். தூரை விட்டுவிட்டால் அடுத்த மழைக்கு இரண்டு மடங்காக எழுந்து நிற்கும். வேரோடு பிடுங்க வேண்டும், பிடுங்கினது போக மிச்சத்தைத் தோண்டி எரிக்க வேண்டும். உன் குதிகாலில் ஏறிய முள் மறுபக்கம் வந்தது நினைவிருக்கிறதா? நீ அலறவில்லை. கரையில் உட்கார்ந்து, அதைப் பிடுங்கி, அந்த மரத்தைப் பெற்ற தாயைக் கேவலமாகத் திட்டினாய். படித்த பிள்ளைகள் காதைப் பொத்திக்கொண்டு சிரித்தார்கள். மறுபடியும் அரிவாளை எடுத்துக்கொண்டு அதே மரத்துக்குத்தான் போனாய். அந்த இடத்தில்தான் நீர்மருது நட்டோம். அடுத்த மழையில் தண்ணீர் நின்றது. நாரை வந்தது.

கிழக்கே கடலில் கப்பல் ஒன்று பாறையில் தட்டி வயிறு கிழிந்தது அதற்கு அடுத்த வருஷம். எண்ணெய் கரைக்கு வருவதை டிவியில் காட்டினார்கள். கறுத்த அலை. கறுத்த மணல். நம் குளத்துப் பிள்ளைகள் வேன் பிடித்து உதவிக்குப் போகிறோம் என்றார்கள். எண்ணெயை உறிஞ்சப் பஞ்சும் பழந்துணியும் வேண்டுமாம். நம் ஊரில் அதற்கா பஞ்சம்? ஒவ்வொரு தறிக்கூடத்திலும் கழிவு நூல் மூட்டை மூட்டையாகக் கிடக்கிறதே. நீ வீடு வீடாக ஏறி வாங்கினாய். கொடுக்காதவன் வாசலில் உட்கார்ந்துகொண்டு கொடுக்கும் வரை எழுந்திருக்கவில்லை.

அங்கேதான் நாம் அந்தத் தப்பைச் செய்தோம். தறிக்கூடத்துக் கழிவு நூல் எப்படி இருக்கும்? தரையில் கிடந்து, தூசியும் மிதிபட்ட அழுக்கும் அப்பி, கன்னங்கரேல் என்று இருக்கும். அதை அப்படியே இன்னொரு ஊருக்குக் கொடுப்பதா? பழைய சேலையைப் பிள்ளை பெற்ற வீட்டுக்குக் கொடுத்தாலும் துவைத்து, காயவைத்து, மடித்துத்தானே கொடுப்போம். "அழுக்க அடுத்தவ வாசல்ல வைக்கப்படாதுட்டி" என்றாய். அண்டாவில் சலவைச் சோடா போட்டு அவித்தோம். கல்லில் அடித்தோம். உன் மாடி, என் மாடி, நூர்ஜஹான் மாடி முழுக்க நூல் காய்ந்தது. பார்க்க மல்லிகைப் பூவைக் கொட்டினது போல இருந்தது. விலை போகாத சேலைத் துணியில் நீளநீளமாக உறை தைத்து அதில் திணித்தோம். எல்லா உறைக்கும் ஒரே ஆரஞ்சுக் கரை. கடைசி மூட்டைக்குச் சோடா தீர்ந்துவிட்டது. அதை மட்டும் அழுக்காகவே திணித்து, யாருக்கும் தெரியாமல் அடியில் போட்டோம்.

கடற்கரையில் இறங்கியதும் நீ வாந்தி எடுத்தாய். நானும்தான். அந்த நெடி மூக்கில் ஏறாது, கண்ணில் ஏறும். அலை வந்து காலில் அறைந்தால் தார் அறைந்த மாதிரி ஒட்டியது. ஒரு ஆமை தலையை மணலில் முட்டிக்கொண்டே செத்துக்கொண்டிருந்தது. நண்டுகள் கறுப்பு மணலுக்குள் இருந்து வெளியே வந்து, நாலு எட்டு ஓடி, அப்படியே நின்றுவிட்டன. நீ ஒரு கடல் பறவையைத் தூக்கி எண்ணெயைத் துடைக்கப் பார்த்தாய். அது உன் உள்ளங்கையைக் கொத்திச் சதையைப் பிய்த்தது. நீ விடவில்லை. அது உன் மடியில் செத்தபிறகுதான் கையில் இருந்து ரத்தம் வருவதைப் பார்த்தாய். காப்பாற்ற வந்தவளைக் கொத்திவிட்டுச் சாகிற அளவுக்கு அதற்கு என்ன செய்துவிட்டார்கள் என்று கேட்டாய்.

மீனவர்கள் நம் வெள்ளை உறைகளைப் படகில் ஏற்றிக்கொண்டு போய் எண்ணெய்க்குக் குறுக்கே போட்டார்கள். போட்ட மாத்திரத்தில் ஒவ்வொன்றும் தண்ணீரைக் குடித்துக்கொண்டு உள்ளே போனது. எண்ணெய் அதன் மேல் ஏறி நம்மைப் பார்த்து வந்தது. படகில் நின்ற ஒரு மீன்காரம்மா இடுப்பில் கை வைத்துக்கொண்டு கேட்டாளே, "என்னத்தா, முக்குறதுக்கா தச்சிய? எங்க கடலுக்குக் கல்லக் கட்டிவிட வந்தியளா?" என்று. உன் முகம் செத்துப்போனது. அதற்கு முன் உன்னை யாரும் அப்படிக் கேட்டு நான் பார்த்ததில்லை.

எல்லாம் போட்டுத் தீர்ந்தபிறகு அடியில் கிடந்த அந்த அழுக்கு மூட்டைதான் மிச்சம். அதையும் போட்டுத் தொலைப்போம் என்று போட்டார்கள். அது மிதந்தது லாத்தா. மிதந்தது மட்டுமா, எண்ணெயைப் பார்த்ததும் ஆட்டுக்குட்டி பால் குடிக்கிற மாதிரி குடித்தது. பஞ்சுக்கென்று ஒரு பிறவிப் பிசுக்கு இருக்கிறதாம். அது இருக்கும் வரைக்கும் தண்ணீரை உள்ளே விடாதாம். நாம் அதைத்தான் அவித்து, அடித்து, கழுவித் தொலைத்திருக்கிறோம். மீன்காரம்மா படகில் இருந்தே கத்தினாள்: "கழுவாததக் கொண்டா தாயி. ஊரு அழுக்க எல்லாம் கொண்டா." நீ அந்த இடத்திலேயே போனைப் பிடுங்கி நூர்ஜஹானைக் கூப்பிட்டு, தறிக்கூடத்தைக் கூட்டிப் பெருக்கி அப்படியே உறையில் திணித்து ஏற்றி அனுப்பச் சொன்னாய். மறுநாள் வந்த உறைகள் எல்லாம் மிதந்தன.

முங்கினதை எல்லாம் கொக்கி போட்டு இழுத்தார்கள். தண்ணீரும் எண்ணெயுமாக ஊறிக் கனத்துக் கிடந்தவற்றைச் சாக்கில் கட்டிக் கரையில் குவித்தார்கள். லாரி வந்து ஏற்றிப் போகும், தூரத்தில் இருக்கிற ஆலையில் எரிப்பார்கள் என்றார்கள். அந்த வேலையைக் குத்தகைக்கு எடுத்தவனின் மேற்பார்வைக்காரன்தான் உன்னைக் கொன்றவன். மூக்கில் வெள்ளைத் துணியைக் கட்டிக்கொண்டு, ஷூவில் எண்ணெய் படாமல் பலகை மேல் நடந்துகொண்டிருந்தவன்.

மணல்மேட்டுக்குப் பின்னால் அவன் ஆட்கள் குழி தோண்டிச் சாக்குகளை மூடுவதை நீதான் பார்த்தாய். போய்க் கையாலேயே தோண்டி ஒரு சாக்கை வெளியே இழுத்தாய். இழுத்துக்கொண்டே நடந்து வந்து அவன் ஷூவின் மேல் போட்டாய். அவன் காலை உதறிவிட்டு, சுற்றி இருந்தவர்கள் எல்லாருக்கும் கேட்கிற மாதிரி சொன்னான்: "கெழவி, ஒருநா இதுக்குள்ளயே ஒன்னப் போட்டு மூடுதேன்." நீ சிரித்தாய். நான் சிரிக்கவில்லை.

இப்போது என் பேரனைப் பற்றிச் சொல்ல வேண்டும். இசக்கிமுத்துவைப் பற்றி எவ்வளவு பெருமை பேசியிருப்பேன் உன்னிடம். தகப்பன் இல்லாத பிள்ளை, என் கையில் வளர்ந்த பிள்ளை, பெரிய லாரிக்கு லைசென்ஸ் எடுத்துவிட்டான், என் வீட்டுக் கூரை உயரத்துக்கு உட்கார்ந்து ஓட்டுகிறான் என்று ஊர் முழுக்கச் சொன்னேன். அவனுக்குக் கிழக்கே லாரி வேலை கிடைத்தபோது நான்தான் டயருக்கு அடியில் எலுமிச்சம்பழம் வைத்தேன். அது நசுங்கிய சத்தம் கேட்டு நீயும் கை தட்டினாய். யாருடைய லாரி, என்ன ஏற்றுகிறது என்று நான் கேட்கவில்லை. டிரைவரிடம் அதை யார் கேட்பார்கள்?

நாம் ஊர் திரும்பிய பிறகு ஒரு நாள், வெயில் ஏறுமுன் கன்றுகளுக்குத் தண்ணீர் விட்டுவிட வேண்டும் என்று விடியும்போதே குளத்தில் நின்றோம். மற்ற பெண்கள் மதகுப் பக்கம் போய்விட்டார்கள். ரோட்டுப் பக்கக் கரையில் நீயும் நானும். லாரி ஒன்று பின்பக்கமாகக் கரை மேல் ஏறியது. யாரோ மண் அனுப்பியிருக்கிறார்கள் என்றுதான் நான் நினைத்தேன். பின்கதவு திறந்தது. சாக்குகள் நம் நீர்மருதுக் கன்றுகளின் மேல் விழுந்தன. செத்த மாடு விழுவது போல ஒவ்வொன்றாக விழுந்து பிளந்தன. பிளந்ததில் இருந்து ஆரஞ்சுக் கரை தெரிந்தது.

"நம்ம தச்சதுட்டி" என்றாய். கோபமாகக்கூடச் சொல்லவில்லை. உன் பிள்ளையைத் தெருவில் யாரோ அடித்துப் போட்டிருப்பதைப் பார்த்தவள் போலச் சொன்னாய்.

நான் வண்டியின் முன்பக்கம் ஓடினேன். டிரைவர் சீட்டில் இசக்கி.

அவன் பிறகு என்னிடம் சொன்னான். ரோட்டில் இருந்து வண்டியைத் திருப்பச் சொன்னபோதே, "இது எங்க ஆச்சி வேல பாக்குற கொளம் அண்ணாச்சி" என்றானாம். பக்கத்தில் இருந்த மேற்பார்வைக்காரன், "ஒங்க ஆச்சி பேருக்குப் பட்டா இருக்காலே?" என்று கேட்டுவிட்டு, ரிவர்ஸ் போடச் சொன்னானாம். அவன் போட்டான். அதை நான் மறைக்கப் போவதில்லை. என் பேரன்தான் ரிவர்ஸ் போட்டான்.

நீ லாரிக்குப் பின்னால் போய் நின்றாய். அந்த வண்டிக்கு முன் நீ ஒரு நார்ப்பெட்டி அளவுதான் இருந்தாய். மேற்பார்வைக்காரன் அந்தப் பக்கத்துக் கதவில் இருந்து தலையை நீட்டிப் பார்த்தான். உன்னை அடையாளம் கண்டுகொண்டான் என்பது அவன் வாய் போன விதத்திலேயே தெரிந்தது. "ஏத்துலே, தானா நகருவா" என்றான். வண்டி உறுமிக்கொண்டு ஒரு முழம் பின்னால் வந்தது. நீ நகரவில்லை. இரண்டு கையாலும் பின்கதவை அறைந்தாய். வண்டி நின்றது. இசக்கி என்ஜினை அணைத்துச் சாவியைப் பிடுங்கிக் கையில் வைத்துக்கொண்டான். அவன் கன்னத்தில் விழுந்த அறை எனக்கு வெளியில் கேட்டது.

மேற்பார்வைக்காரன் ஜாக்கி லிவரோடு கீழே குதித்தான். நீ அவனைப் பார்த்துப் பயந்து ஓடியிருந்தால் என்ன? சத்தம் போட்டு மற்றவர்களைக் கூப்பிட்டிருந்தால் என்ன? குனிந்து, பிளந்த ஒரு சாக்கை இழுத்து, பழையபடி அவன் ஷூவின் மேல் போட்டாய். "ஒரு தடவ நாங்க கழுவிக் குடுத்தாச்சு. இனிமே நீ கழுவுலே" என்றாய்.

அவன் அடித்தான். தேங்காய் உடைகிற சத்தம் என்று சொல்லுவார்களே, அப்படி இல்லை. ஈரத்துணியைக் கல்லில் அறைகிற சத்தம். வாழ்க்கை முழுக்க நீயும் நானும் கேட்ட சத்தம். நீ அந்தக் கறுப்புச் சாக்குகளின் மேலேயே விழுந்தாய்.

அவன் உன்னைப் பார்த்தான். லிவரைக் கீழே போட்டான். அதற்குப் பிறகுதான் நான் அடித்தேன். அவன் கை வெறுங்கை. என் கையில் மண்வெட்டி. அவன் திரும்பி நடக்கப் பார்த்தபோது அடித்தேன். முழங்கையில் விழுந்தது. தலைக்குத்தான் ஓங்கினேன், உயரம் பத்தவில்லை. இன்னொரு தடவை ஓங்கியபோது இசக்கி பின்னால் இருந்து என் இடுப்பைக் கட்டிப் பிடித்துத் தூக்கிக்கொண்டான். "விடு ஆச்சி, விடு ஆச்சி" என்று அழுதான். நான் அவன் கையைக் கடித்தேன். அந்தத் தழும்பு இன்னும் இருக்கிறது.

திருநெல்வேலிக்குப் போகிற வழியில் உன் தலை என் மடியில் இருந்தது. ரத்தம் எது, எண்ணெய் எது என்று தெரியவில்லை. பாதி வழியில் ஆம்புலன்ஸ் பையன் சைரனை நிறுத்தினான்.

உன்னை அறுத்துத் தைத்துக் கொடுத்தார்கள். வீட்டில் குளிப்பாட்டினார்கள். அந்த எண்ணெய் உன் முடியை விட்டுப் போகவில்லை லாத்தா. சோப்பு, சீயக்காய், இலந்தை இலைத் தண்ணீர், எதற்கும் போகவில்லை. நேரமாகிறது என்று ஆண்கள் வெளியில் இருந்து குரல் கொடுத்தார்கள். நூர்ஜஹான் வாசலுக்கு வந்து, நனைந்த கையோடு என்னைப் பார்த்து, "சாச்சி, போவமாட்டேங்கு" என்றாள். ஊரெல்லாம் துவைத்துக் கொடுத்தவளை அழுக்கோடு அனுப்புகிறோமே என்று அவளுக்கு ஆறவில்லை. இருக்கட்டும் என்றேன். வேறு என்ன சொல்ல? உன்னை மண்ணுக்குள் வைத்தபோது மையவாடிச் சுவருக்கு இந்தப் பக்கம் நின்றேன்.

முதலில் விபத்து என்று எழுதினார்கள். லாரி பின்னால் எடுக்கும்போது கிழவி பட்டுவிட்டாள் என்று. டாக்டர் இது டயர் காயம் இல்லை என்று எழுதிக் கொடுத்தார். நூர்ஜஹான் ஸ்டேஷன் வாசலை விட்டு எழுந்திருக்கவில்லை; உன் மகள்தானே. ஆனாலும் அடித்ததைக் கண்ணால் கண்டவர்கள் இரண்டு பேர்தான். ஒருத்தி நான். என் மேல் மண்வெட்டிக் கேஸ் இருக்கிறது. என் வார்த்தை பகையாளி வார்த்தை என்று தள்ளிவிடலாம். இன்னொருவன் இசக்கி.

சமாதானம் பேச அவன் பக்கத்து ஆட்கள் வந்தார்கள். வெற்றிலையும் பழமுமாக, நிச்சயதார்த்தத்துக்கு வருவது போல வந்தார்கள். வண்டியைப் பின்னால் எடுத்தேன், அந்தம்மா நின்றது தெரியவில்லை, பட்டுவிட்டது என்று இசக்கி சொல்ல வேண்டும். அவனுக்குச் சின்னத் தண்டனையோடு போய்விடுமாம். அப்படிச் சொன்னால் முழங்கை நொறுங்கினவன் என் மேல் கொடுத்த கேஸை விட்டுவிடுவானாம். சொல்லாவிட்டால் இந்த வயதில் நான் ஜெயில் சோறு தின்ன வேண்டியதுதானாம். எழுந்திருந்து போங்கடா என்று நான் பழத்தட்டைத் தெருவில் எறிந்தேன். திரும்பிப் பார்த்தால் இசக்கி தலையைக் குனிந்துகொண்டு நிற்கிறான்.

"சொல்லிருதேன் ஆச்சி" என்றான்.

பல் தெறிக்கிற மாதிரி அறைந்தேன். அவன் கன்னத்தைக்கூடத் தடவவில்லை. "ஒன்ன உள்ள போட்ருவானுவ ஆச்சி. நீ வெறுங்கையா நின்னவன அடிச்ச. நான் நெசத்தச் சொன்னா அதையும் சேத்துத்தான சொல்லணும்" என்றான். அவன் பொய் சொல்ல ஒப்புக்கொண்டது பயத்தால் இல்லை. என்னைக் காப்பாற்ற. பெருமைப்படுவதா, இன்னொரு அறை விடுவதா? நீ இருந்திருந்தால் உன்னிடம் கேட்டிருப்பேன்.

அன்று சாயங்காலம் நூர்ஜஹான் வந்தாள். யாரோ சொல்லியிருக்கிறார்கள். உள்ளே வரவில்லை, உட்காரவில்லை. படியிலேயே நின்றுகொண்டு அவனை மட்டும் பார்த்துக் கேட்டாள்: "ஏலே இசக்கி, எங்க உம்மா வண்டிக்கு வழிவிடத் தெரியாமச் செத்தாளா?" கேட்டுவிட்டுப் போய்விட்டாள். அவன் இரவுச் சாப்பாட்டைத் தொடவில்லை.

மறுநாள் காலையில் அவனைக் காணவில்லை. தேடிக்கொண்டு குளத்துக்குப் போனேன். அங்கேதான் இருந்தான். சாக்குகளை அள்ளிப் போன பிறகும் எண்ணெய் இறங்கின மண் ஒரு பெரிய வட்டமாகக் கறுத்துக் கிடந்தது. பிள்ளைகள் வாரா வாரம் வந்து கொஞ்சம் கொஞ்சமாக வெட்டி எடுக்கிறார்கள். இசக்கி தன்னந்தனியாக அதற்குள் இறங்கி வெறிபிடித்தவன் போல வெட்டிக்கொண்டிருந்தான். கையுறை இல்லை. கால் முழங்கால் வரை கறுப்பு. நடுவில் நிறுத்தி ஓரமாகப் போய் வாந்தி எடுத்தான், வாயைத் துடைத்தான், மறுபடி வெட்டினான். உன் காலைக் குத்தின அந்தக் கருவேலத்தின் தூர் அடியில் இருந்து மறுபடி தளிர் விட்டிருந்தது. அத்தனை எண்ணெயிலும் அது சாகவில்லை. அதை ஒரே வெட்டில் கொத்தி எறிந்தான்.

நான் கரையில் நின்றதைப் பார்த்தான். மண்வெட்டியை ஊன்றிக்கொண்டு நின்றான்.

"நெசத்தச் சொல்லுதேன் ஆச்சி. நான் ரிவர்ஸ் போட்டதையும் சொல்லுதேன். ஒன்னப் பத்திக் கேப்பானுவளே?"

"அதையும் சொல்லு."

"வெறுங்கையா நின்னானான்னு கேப்பான்."

"நின்னாம்னு சொல்லுலே. திரும்பி நடந்தான், எங்க ஆச்சி பின்னால இருந்து அடிச்சான்னு சொல்லு. தலைக்குத்தான் ஓங்குனான்னு சேத்துச் சொல்லு."

அவன் சிரித்தானா அழுதானா எனக்குத் தெரியவில்லை. கரையில் இருந்து இறங்கி நானும் அவன் பக்கத்தில் வெட்ட ஆரம்பித்தேன். வெயில் தலைக்கு ஏறும் வரைக்கும் இரண்டு பேரும் வெட்டினோம்.

நாளை மறுநாள் அவன் மாஜிஸ்திரேட் முன்னால் வாக்குமூலம் கொடுக்கிறான். விஷயம் வெளியே போய்விட்டது. நேற்று ரயில்வே ஸ்டேஷன் பக்கம் இரண்டு பேர் அவனை மறித்துச் சைக்கிள் செயினால் முதுகில் விளாசியிருக்கிறார்கள். சட்டை சதையோடு ஒட்டிப் போயிருந்தது. வெந்நீர் ஊற்றி ஊற்றிப் பிரித்தேன். பல்லைக் கடித்துக்கொண்டு குப்புறக் கிடந்தான். வலிக்கிறதா என்று கேட்டதற்கு, "மைமூன் ஆச்சிக்கு வலிச்சத விடவா" என்றான். இதோ இப்போது எழுதும்போதும் பக்கத்தில் குப்புறத்தான் படுத்திருக்கிறான். முதுகு முழுக்க வரி வரியாக, தறியில் போட்ட பாவு நூல் மாதிரி இருக்கிறது. என் பேரன் லாத்தா. லாரி ஓட்டுகிறான் என்று பீற்றினேனே, அது ஒரு பெருமையா? இதுதான் பெருமை.

என் வக்கீல் நல்ல பையன். நேற்று வந்து, "தற்காப்புக்காக அடிச்சேன்னு சொல்லுங்கம்மா, அவன் ரெண்டாவது தடவை லிவரை ஓங்கினான்னு ஒரு வார்த்தை சேர்த்துக்குங்க, கேஸ் சுத்தமாயிடும்" என்றார். சுத்தமாக ஆக்கினது எல்லாம் என்ன ஆனது என்று நான் கடலில் பார்த்துவிட்டேன் தம்பி என்றேன். அவருக்கு விளங்கவில்லை. உனக்கு விளங்கும். ஒரு பொய்யைச் சோடாவாகப் போட்டு என் பக்கத்தை வெளுத்தால், இசக்கி சொல்கிற உண்மையும் அதோடு சேர்ந்து முங்கிப் போகும். நான் பிசுக்கோடுதான் போகிறேன். அது மிதக்கட்டும். என்னை ஜெயிலில் போட்டாலும் போடட்டும். இதே உறைகளை அங்கே தைக்கச் சொன்னால் தைக்கிறேன்.

போலீஸ் என் மண்வெட்டியை எடுத்துக்கொண்டு போனார்கள். அவனுடைய லிவரை எடுத்தார்கள். அன்று நான் கட்டியிருந்த சேலையை யாரும் கேட்கவில்லை. உன் தலை கிடந்த சேலை. மடிப்பக்கம் முழுக்கக் கறுப்பும் பழுப்புமாகக் காய்ந்து, மொறுமொறுவென்று, அந்தக் கடற்கரை நெடியோடு என் டிரங்குப் பெட்டியில் இருக்கிறது. மருமகள் துவைத்துவிடுகிறேன் என்று எத்தனையோ தடவை கேட்டாள். கொடுக்கவில்லை.

நாளை மறுநாள் அதைக் கட்டிக்கொண்டுதான் கோர்ட்டுக்குப் போகிறேன். கேட்டால் அங்கேயே அவிழ்த்துக் கொடுக்கிறேன், மாற்றுச் சேலை ஒன்று நூர்ஜஹான் கையில் கொண்டுவருகிறாள். இசக்கி ஒரு பக்கம், உன் மகள் ஒரு பக்கம், நடுவில் நான். அழுக்கை அடுத்தவர் வாசலில் வைக்கக் கூடாது என்று நீ திட்டுவாய். தெரியும். இந்த ஒரு தடவை உன் பேச்சைக் கேட்க மாட்டேன். அவர்கள் வாசலில்தான் கொண்டுபோய் வைக்கப் போகிறேன்.

எல்லாம் முடிந்த பிறகு, நீ விழுந்த இடத்தில் கறுப்பு போகும் வரை மண் வெட்டுவேன். நான் உள்ளே போனால் இசக்கி வெட்டுவான். அந்த இடத்தில் மறுபடி நீர்மருது வைப்போம். அது வேர் பிடித்த பிறகு அந்தச் சேலையை எடுத்து, அண்டாவில் சோடா போட்டு, நீ அடிப்பது போலக் கல்லில் அடித்து நானே துவைப்பேன். அது வரைக்கும் மாட்டேன். இது சத்தியம்.

துவைக்காத சேலையோடு,
உன் கூடப் பிறக்காத தங்கச்சி,
இசக்கிமுத்துவின் ஆச்சி,
பேச்சி